பரண்மேல் இருந்த பாடம்

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனத் துறைத்தலைவர் பணித்தபோது, சங்க இலக்கியத்திலிருந்தோ சீறாப்புராணத்திலிருந்தோ ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு எழுதிவிடலாம் என்றே முதலில் எண்ணினோம். இத்தனை ஆண்டுகளாக அவ்வாறே எழுதி வந்துள்ளோம். இம்முறை எழுதுகோல் அவ்வழியே செல்லவில்லை. எம் பிறந்த ஊராகிய கச்சிராயபாளையத்தில், எம் இல்லத்துப் பரண்மேல், பழைய கைலிகளால் பொதியப்பட்டுக் கிடந்த ஒரு கணிப்பொறியே மீண்டும் மீண்டும் நினைவில் எழுந்தது. தமிழாசிரியர் கணிப்பொறியைப் பற்றி எழுதுவதா என மாணவர் நகைக்கக்கூடும். எழுதப்போவது கணிப்பொறியைப் பற்றித்தான். ஆயினும் அதனை எழுதுமிடத்து, எம்மால் ஒரு மாணவனுக்கு நேர்ந்த தீங்கினையும் உடன் எழுதியாக வேண்டும்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குச் செல்லும் வழியில், மலை ஏறத் தொடங்குவதற்குச் சற்று முன்னே அமைந்தது எம் ஊர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. யாம் சிறுவராக இருந்த நாளில் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. கோமுகி அணையின் நீர், கரும்பு வயல்கள், அரவைக் காலத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நோக்கி வரிசையாகச் செல்லும் கரும்பு வண்டிகள் ஆகியவையே எம் இளமையின் காட்சிகள். யாம் பயின்ற பள்ளியில் கணிப்பொறி இல்லை. 1984-85ஆம் கல்வியாண்டில் நடுவணரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, நாடெங்கும் ஏறத்தாழ 250 பள்ளிகளில் இங்கிலாந்து நாட்டின் ‘பிபிசி மைக்ரோ’ கணிப்பொறிகளை நிறுவியது என்பதையெல்லாம் மிகப் பிற்காலத்திலேதான் படித்து அறிந்தோம்.

எமக்குக் கணிப்பொறி வந்த வழி வேறு. 1991ஆம் ஆண்டு எம் சின்னத்தா சிங்கப்பூரிலிருந்து விடுமுறையில் வந்தார். அத்தர்ப் புட்டிகளுக்கும் போர்வைகளுக்கும் இடையே, பழைய பொருள் விற்கும் கடையில் மலிவாக வாங்கியது என்று சொல்லி, பழுப்பு நிறப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். பார்ப்பதற்குத் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகை மட்டும் தடித்துப் போனாற்போல் இருந்தது. அதுவே ‘கமடோர் 64’. அமெரிக்க நிறுவனமாகிய கமடோர் 1982இல் 595 டாலர் விலையில் வெளியிட்டது. உலகில் ஒரு கோடிக்கு மேல் விற்ற இல்லக் கணிப்பொறி. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து மின்விசையைத் தட்டினால் நீலத்திரை தோன்றும். அதன் நினைவகம் 64 கிலோபைட். அதில் நாம் எழுதும் நிரலுக்கென்று 38,911 பைட் இடம் உள்ளது எனத் திரையின் மேற்புறத்தில் அறிவிக்கும். இன்று நம் கைப்பேசியில் உள்ள ஒரு நிழற்படத்திற்கே அந்த இடம் போதாது.

அதனுடன் ‘1541’ என்னும் எண் பெற்ற வட்டியக்கி ஒன்றும் வந்தது. ஐந்தேகால் அங்குல வட்டினை அதனுள் செலுத்த வேண்டும். வட்டின் ஒரு பக்கத்தில் 170 கிலோபைட் அடங்கும். உறுதியான, கனத்த கருவி. ஆனால் அதன் மந்தம் சொல்லுந்தரமன்று. நொடிக்கு ஏறத்தாழ 400 பைட் மட்டுமே அதிலிருந்து கணிப்பொறிக்கு வந்து சேரும். 40,000 பைட் கொண்ட ஒரு விளையாட்டினை ஏற்றி முடிக்க 100 நொடி ஆகும். வட்டில் பிழை நேர்ந்தாலோ, இயக்கியின் உள்ளே இருக்கும் தலைப்பகுதி தன் எல்லையில் போய்ப் படபடவென முட்டும். அவ்வொலியைக் கேட்டு எம் நன்னி, “யா அல்லாஹ், வெடிக்கப் போகிறது, பிள்ளைகளைத் தள்ளி உட்காரச் சொல்லு” என்பார். நாளடைவில் அச்சம் நீங்கி, ஏற்றும் நேரத்தை ஸலவாத் ஓதக் கிடைத்த நேரமாக அவர் ஆக்கிக்கொண்டார். தஸ்பீஹ் மணியை உருட்டியவாறு ஸலவாத் ஓதிக்கொண்டே திரையைப் பார்த்திருப்பார். பாதி ஏறும்போது மின்சாரம் போய்விடுவதும் உண்டு. அப்போது முதலிலிருந்தே மீண்டும் தொடங்க வேண்டும்.

சின்னத்தா இரண்டு கார்ட்ரிட்ஜ்களையும் கொண்டு வந்திருந்தார். உள்ளங்கையில் அடங்கும் நெகிழி உறை. அதனுள் சிறு பலகை. அதன்மேல் அழியா நினைவகச் சில்லு. கணிப்பொறியின் பின்புறப் பிளவில் அதனைச் செருகிவிட்டு மின்விசையைத் தட்ட வேண்டும். ஒன்று கால்பந்து விளையாட்டு. தட்டிய கணமே திரையில் வந்து நிற்கும். காத்திருத்தல் என்பதே இல்லை. காரணம் எளிது. வட்டில் உள்ளதைக் கணிப்பொறி தன் நினைவகத்துள் கொண்டு வந்த பின்னரே இயக்க இயலும். கார்ட்ரிட்ஜில் உள்ளதோ அதன் நினைவகத்தின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது. மின்சாரம் பாய்ந்தவுடன் கணிப்பொறி 32,772ஆம் முகவரி முதலான ஐந்து இடங்களைப் பார்க்கும். ஆங்கிலத்தில் சி, பி, எம் என்னும் மூன்றெழுத்தும் 8, 0 என்னும் இரண்டு எண்ணும் அங்கே இருந்தால், ஆட்சியை உடனே கார்ட்ரிட்ஜிடம் ஒப்படைத்துவிடும். கிதாபைத் திறந்து பக்கம் புரட்டித் தேடி ஓதுபவருக்கும், குர்ஆனை நெஞ்சில் மனனம் செய்த ஹாபிழுக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

மற்றொரு கார்ட்ரிட்ஜே எம் கட்டுரைக்குரியது. ‘எபிக்ஸ்’ என்னும் நிறுவனம் 1984இல் வெளியிட்ட ‘ஃபாஸ்ட் லோட்’ அது. அதில் விளையாட்டு எதுவும் இல்லை. செருகினால் திரையில் பெரிய மாற்றமும் தெரியாது. ஆயின் வட்டியக்கி ஏறத்தாழ ஐந்து மடங்கு விரைவாக நிரலைத் தரத் தொடங்கிவிடும். 100 நொடி 20 நொடியாகச் சுருங்கிற்று. “என்னடா இது, ஸலவாத்தை முடிக்க விடமாட்டேன் என்கிறதே” என்று நன்னி குறைபட்டுக்கொண்டார். சின்னத்தாவிடம் காரணம் கேட்டோம். “இந்த டிரைவ் மந்தம், தம்பி. அதற்கு ஒரு ஊசி போட்டது மாதிரி” என்றார். யாமும் அதனையே பல்லாண்டு நம்பியிருந்தோம். இயக்கி மந்தமானது, கார்ட்ரிட்ஜ் அதனை விரட்டுகிறது என்பதே எம் அறிவு.

1994இல் இரண்டு நிகழ்ந்தன. ஏப்ரல் மாதத்தில் கமடோர் நிறுவனம் நொடித்துப் போயிற்று. அதே ஆண்டில் எம் தம்பி, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கார்ட்ரிட்ஜைப் பிடுங்கினான். நீலத்திரை அன்றே கறுத்தது. பழுது நீக்குவார் அப்பகுதியில் எவரும் இலர். அத்தா அதனைக் கைலியில் சுற்றிப் பரண்மேல் ஏற்றினார். யாம் தமிழ் பயின்று, எம்.ஃபில். முடித்து, இக்கல்லூரியில் ஆசிரியரானோம்.

இனி, சொல்லத் தயங்குவதைச் சொல்ல வேண்டும்.

2013ஆம் ஆண்டு எம் முதலாண்டு வகுப்பில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மாணவன் வந்து சேர்ந்தான். அவன் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பிள்ளை அவனே. எம் ஊருக்கு மேலே உள்ள மலை என்பதால் தொடக்கத்தில் எமக்கு அவன்பால் தனியன்பு இருந்தது. ஆனால் வகுப்பில் அவன் வாய் திறப்பதில்லை. யாப்பு நடத்திக்கொண்டிருந்தோம். நேரசை, நிரையசை என விளக்கிவிட்டு, ஒவ்வொரு வரிக்கும் “புரிந்ததா?” என்று கேட்போம். மற்றவர் “புரிந்தது ஐயா” என்பர். அவன் தலையை மட்டும் அசைப்பான். கரும்பலகைக்கு அழைத்தால் சுண்ணக்கட்டியைப் பிடித்தவாறு நிற்பான். ஒருநாள் பொறுமையிழந்து, அறுபது பேர் கேட்க, “உன் தலையில் எதுவும் ஏறாது” என்று சொல்லிவிட்டோம். வகுப்பு சிரித்தது. யாமும் சிரித்தோம் என்பதே இன்றுவரை எம்மை வருத்துவது. மறுவாரம் முதல் அவன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு எதிரே நாள்தோறும் குறியிட்டோமேயன்றி, ஏன் வரவில்லை என்று வினவினோமல்லோம்.

அவ்வாண்டு பக்ரீத் விடுமுறையில், எம் கல்லூரிக் கணிப்பொறியியல் துறை நண்பர் ஒருவரை ஊருக்கு விருந்துக்கு அழைத்திருந்தோம். பேச்சுவாக்கில் பரண்மேல் உள்ள பொருளைப் பற்றிச் சொன்னதும், உண்ட களைப்பையும் மறந்து அவரே ஏணியில் ஏறிவிட்டார். கைலியை விலக்கி, வட்டியக்கியின் மேல்மூடியைத் திருகாணி கழற்றித் திறந்தார். உள்ளே ஒரு கறுப்புச் சில்லினைச் சுட்டி, “இது என்ன தெரியுமா? நுண்செயலி. 6502” என்றார். பின்பு, “உங்கள் கணிப்பொறிக்குள் இருப்பது 6510, இதே குடும்பம், இதே அறிவு. ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் இரண்டும் ஓடுகின்றன. இந்தப் பெட்டி வெறும் இயக்கியன்று, தனக்கென 2 கிலோபைட் நினைவகமும் கொண்ட இன்னொரு கணிப்பொறி” என்றார்.

“அப்படியானால் ஏன் இவ்வளவு மந்தம்?” என்று வினவினோம்.

“மந்தம் இதனிடத்திலும் இல்லை, அதனிடத்திலும் இல்லை. இரண்டும் பேசிக்கொள்ளும் முறையில் இருக்கிறது” என்றார்.

அவர் விளக்கியதை எம் மொழியில் சொல்கிறோம். இரு கருவிகளையும் இணைப்பது ஒரு மெல்லிய வடம். அதனுள் செய்திக்கு ஒரு கம்பி. காலத்தைக் காட்டுவதற்கு ஒரு கம்பி. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னே ‘அனுப்பட்டுமா’ என ஒன்று கேட்க வேண்டும். ‘அனுப்பு’ என மற்றது விடை சொல்ல வேண்டும். பின்னர் எட்டுப் பிட்டுகளையும் ஒவ்வொன்றாகக் காலக்கம்பியை அசைத்து அசைத்துக் காட்ட வேண்டும். இறுதியில் ‘பெற்றேன்’ என்னும் ஒப்புகை. நாற்பதாயிரம் பைட்டுக்கும் இச்சடங்கு நாற்பதாயிரம் முறை நிகழும். போதாக்குறைக்கு, திரையை வரையும் சில்லு அவ்வப்போது செயலியை நிறுத்தி வைக்கும்; அந்த இடைவெளியில் பிட் தவறிவிடக்கூடாதென்று இயக்கியை இன்னும் நிதானமாகப் பேசுமாறு அமைத்தனர்.

இவ்வழக்கம் தோன்றிய கதையும் எண்ணத்தக்கது. கமடோர் 64க்கு முன்னோடியாகிய ‘விக்-20’ கணிப்பொறியில், எட்டுப் பிட்டுகளையும் சில்லே அடுக்கி அனுப்புமாறு திட்டமிட்டிருந்தனர். அதற்கென அமைந்த 6522 என்னும் சில்லில் ஒரு பிழை இருந்தமையால், மென்பொருளே பிட் பிட்டாக அனுப்பும் மாற்றுவழியை மேற்கொண்டனர். கமடோர் 64இல் அப்பிழையற்ற வேறு சில்லு வந்துவிட்டது. ஆயினும் பழைய கருவிகளோடு ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக மந்தமான வழக்கமே தொடர்ந்தது. நோய் நீங்கிய பின்னும் பத்தியம் நீங்கவில்லை. நம் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பிபிசி மைக்ரோவில் இத்துன்பம் இல்லை. அதன் வட்டுக் கட்டுப்பாட்டுச் சில்லு கணிப்பொறியின் உள்ளேயே அமைந்தது. மெல்லிய வடத்தின் வழியே இரண்டு அறிவுகள் பேசிக்கொள்ள வேண்டிய தேவை அங்கே எழவில்லை.

ஃபாஸ்ட் லோட் முதலிய கார்ட்ரிட்ஜ்கள் செய்தது என்ன? அவை இயக்கியை விரட்டவில்லை. ஏற்றத் தொடங்கும் முன், பழைய மந்த வழக்கத்திலேயே பேசி, ஒரு சிறு நிரலை இயக்கியின் நினைவகத்துக்குள் அனுப்பி வைக்கின்றன. ‘இனி நாம் பேசும் முறை இது’ என்று கற்பிப்பது போன்றது அது. அதற்குச் சிறிது காலம் செலவாகும். பைட்டின் தொடக்கத்தில் ஒருமுறை இருவரும் தாளத்தைச் சரிபார்த்துக்கொண்டால் போதும். பின்னர் எண்ணிக்கை தவறாமல் இரண்டிரண்டு பிட்டாகச் செய்தி பாயும். காலம் காட்டுவதற்கென்றே நின்ற கம்பியும் அப்பணியிலிருந்து விடுபட்டுச் செய்தியைச் சுமக்கத் தொடங்கும். திரைச்சில்லின் குறுக்கீடு நேராதிருக்க, ஏற்றும் நேரத்தில் திரையையே அணைத்துவிடும் நிரல்களும் பல. மின்விசையை நிறுத்தினால் இயக்கி கற்றதை மறந்துவிடும். மறுமுறை மீண்டும் முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். 1985இல் வந்த ‘ஜிஃபிடாஸ்’ ஒரு படி மேலே சென்றது. அதனைப் பொருத்துவோர் கணிப்பொறியின் சில்லையும் மாற்ற வேண்டும். இயக்கியின் சில்லையும் மாற்ற வேண்டும்.

நண்பர் விளக்கி முடித்தபோது அசர் பாங்கு ஒலித்தது. தொழுகையில் நின்றோம், உள்ளம் மட்டும் நிலைகொள்ளவில்லை. ஒவ்வொரு வரிக்கும் “புரிந்ததா?” என்று கேட்டு ஒப்புகை வாங்கிய எம் வகுப்பு கண்முன் நின்றது. அம்மாணவன் தன் மனத்துள் எம் நூல்வழக்குத் தமிழைத் தன் மலைவழக்குக்கு மாற்றிக்கொண்டிருந்த கணத்தில், யாம் அடுத்த வினாவுக்குப் போய்விட்டிருந்தோம். எம் ஆசிரியர் எமக்கு நடத்தியவாறே நடத்தினோம். அவருக்கு அவர் ஆசிரியர் நடத்தியவாறு. இரு பக்கமும் ஒரே அறிவு இருந்தது. ஏற்றும் முறை அறியாத யாம், ஏறாது என்று அவனைப் பழித்துவிட்டோம்.

மறுநாள் காலை வெள்ளிமலை செல்லும் பேருந்தில் ஏறினோம். சேர்க்கைப் படிவத்தில் இருந்த ஊரைத் துறை எழுத்தரிடம் தொலைபேசியில் கேட்டறிந்து, இறங்கி நெடுந்தொலைவு நடந்து வீட்டைக் கண்டோம். அவன் தாயார் மரவள்ளிக் காட்டிலிருந்து வந்தார். யாம் யார் என்று சொன்னதும் முகம் மலர்ந்து, அமரச் செய்து, வேகவைத்த கிழங்கைத் தட்டில் வைத்தார். “பையன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிட்டானுங்க ஐயா. பாடம் ஏறலைன்னு ஐயாவே சொல்லிட்டாராம். அப்புறம் எதுக்குப் பணம் கட்டணும்னு கேட்டான்” என்றார். அதனைச் சொன்னவர் யாமே என்பதை அவர் அறிந்திருந்தாரா என்று எமக்குத் தெரியாது. அவர் குரலில் குறை சொல்லும் தொனியில்லை. அதுவே எமக்குத் தண்டனையாயிற்று. கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை. “சொன்னவன் நான்தான் அம்மா. சொன்னது தவறு” என்றோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “தண்ணி குடிங்க ஐயா” என்றார்.

முற்றத்தில் அவன் தங்கை உரலில் சாமை குத்திக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். உலக்கை விழும் இடமெல்லாம் அசை பிரிந்து நின்றது. நேரும் நிரையும் யாரும் கற்பிக்காமலே அங்கே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தன. அதே பாட்டைக் கேட்டு வளர்ந்தவனைத்தான் கரும்பலகைமுன் நிறுத்தி வைத்தோம்.

அவனுக்கு எம் எண்ணைக் கொடுத்து அனுப்பினோம். ஒரு மாதம் கழித்து அழைத்தான். மன்னிப்புக் கேட்டோம், திரும்பி வருமாறு வேண்டினோம், கட்டணத்துக்கு வழி செய்வதாகவும் சொன்னோம். “இங்கே சம்பளம் வந்துக்கிட்டு இருக்குதுங்க ஐயா. வீட்டுக்கு வேண்டியிருக்கு. தங்கச்சியை நீங்க படிக்க வையுங்க” என்றான். அவன் திரும்பவில்லை.

தங்கை 2017இல் எம் கல்லூரியில் சேர்ந்தாள். அவ்வாண்டு முதல் யாப்பினை யாம் நூலிலிருந்து தொடங்குவதில்லை. முதல் வாரம் மாணவர் தத்தம் வீட்டுப் பாட்டைக் கொண்டு வர வேண்டும். ஒருவர் தாலாட்டு கொண்டு வருவார். ஒருவர் பாட்டி ஓதும் முனாஜாத்து. ஒருவர் நடவுப் பாட்டு. அவள் உலக்கைப் பாட்டு கொண்டு வந்தாள். கை தட்டியே அசை பிரிப்போம். அசைக்குப் பெயர் பிறகுதான் வரும். இடையிடையே “புரிந்ததா?” என்று கேட்பதையும் விட்டொழித்தோம். ஒரு வாரப் பாடம் வீணாகிறதே என்று துறையில் சிலர் கவலையுற்றனர். ஆனால் தாளம் ஒத்துப்போன பின்பு சீர், தளை, தொடை எல்லாம் முன்னைவிடக் குறைந்த நாளில் நடந்தேறின. தொடக்கத்தில் செலவிட்ட காலத்தைப் பின்னர் வட்டியும் முதலுமாகப் பெற்றோம். கார்ட்ரிட்ஜ் செய்த வேலையும் இதுவே. அம்மாணவி இன்று ஆசிரியை. அவள் அண்ணன் இன்றும் திருப்பூரில் இருக்கிறான். தங்கை கற்றதால் தமையனுக்குச் செய்த பிழை ஈடாகிவிட்டது என்று யாம் சொல்லத் துணியோம்.

பெருநாளில் கீழிறங்கிய கணிப்பொறியை நண்பர் எடுத்துச் சென்று, பழுதுற்ற சில்லினை மாற்றி உயிர்ப்பித்தார். இக்காலத்தில் அதே 1541போல் நடிக்கும் நினைவட்டைக் கருவிகளும் கிடைக்கின்றன. எம் வீட்டு வட்டியக்கியை மட்டும் யாம் விட்டுவிடவில்லை. ஃபாஸ்ட் லோட் கார்ட்ரிட்ஜ் துறையில் எம் மேசைமேல் இருக்கிறது. தாள்கள் பறவாதிருக்க வைத்த பொருள் என்று மாணவர் கருதுகின்றனர்.

மாணவச் செல்வங்களே, வகுப்பில் ஒன்று விளங்காதபோது உங்களை நீங்களே மந்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆசிரியரிடம் வந்து, வேறு முறையில் சொல்லுங்கள் என்று கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உடன் பணிபுரியும் ஆசிரியப் பெருமக்களே, கார்ட்ரிட்ஜ் நம் பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது. எனவே முதலில் இறங்கிச் சென்று கற்பிக்க வேண்டியவர் நாமே. ஒவ்வோர் ஆண்டும் புதிய வகுப்பு வருகிறது; ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும். சமுதாயப் பெரியோர்களே, கட்டணம் கட்ட இயலாமலும் சொல்லொன்றால் மனம் உடைந்தும் நின்றுபோகும் பிள்ளைகளைத் தேடி, ஒரு வாரத்துக்குள் ஆள் அனுப்பும் ஏற்பாடு ஒன்றை நம் கல்லூரியில் செய்து தாருங்கள். யாம் ஒரு மாதம் தாமதித்தோம். அதற்குள் திருப்பூர்ப் பேருந்து புறப்பட்டுவிட்டது.

வல்ல இறைவன் எம் பிழையைப் பொறுத்து, எம் நாவைக் காப்பானாக.